நின்று சாப்பிடும் வம்சம்

பல தலைமுறைக்கு முந்திய எங்கள் பாட்டனார் வெள்ளைக்காரனோடு சண்டை போட்டுச் செத்தவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுதந்திரம் வந்த பிறகு எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் அந்த வீட்டுப் பாட்டனார் ஒரு வெள்ளைக்காரனையாவது வெட்டியிருப்பார். அத்தனை பேர் வெட்டியிருந்தால் அவன் அப்போதே கப்பல் ஏறியிருக்க மாட்டானா?

எங்களவர் இராமநாதபுரம் அரண்மனைப் படையில் ஒரு கூட்டத்துக்குத் தலைவர். சேர்வைக்காரர் என்று சொல்வார்கள். அரண்மனையிலிருந்து ஆள் வந்தால், ஈட்டி பிடிக்கத் தெரிந்தவர்களைத் திரட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டும். அதற்குச் சம்பளம் நிலம். கடலாடிக்குத் தெற்கே, கண்மாய்க்குக் கீழே இருந்தது அந்த நிலம். படைக்குக் கூப்பிடாத காலத்தில் அதில் பயிர் செய்தார். சுற்றியிருந்த குடியானவர்களிடம் அரண்மனைக்கு வரி வாங்கினார். கொடுக்காதவர்களை வெயிலில் நிறுத்தினார். அவரை நல்லவர் என்று நான் சொல்ல மாட்டேன். எங்களவர் என்று மட்டும் சொல்வேன்.

அவர் செத்தது தண்ணீர்த் தகராறில். கண்மாய் பாதிகூட நிறையாத ஒரு வருஷம், அடுத்த ஊருக்குப் போகிற மடையை இவர் அடைத்துவிட்டார். அந்த ஊர் ஆட்கள் வந்து கேட்டதற்கு, நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, வயலோரம் பனை நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடித்திருக்கிறார். ஈட்டியை மரத்தில் சாய்த்து வைத்திருந்தாராம். போனவர்கள் கருவேலங்காட்டுக்குள் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்து வெட்டிவிட்டார்கள். அவருக்கு எழுந்திருக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. விழுந்த இடத்தில் கல் நட்டார்கள். அதனால் அந்த வயலுக்குக் கல்லுச்செய் என்று பேர்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அறுவடை முடிந்து மாசியில் கல்லுக்குப் படைக்கிற நாளில், அந்த வயலில் எங்கள் வம்சத்தார் யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். பனையோலையை மடக்கிக் கட்டிய பட்டையில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வாங்கிக்கொண்டு, இடது கையில் ஏந்தி, நின்றபடியே சாப்பிட வேண்டும். பச்சைப் பிள்ளைக்கும் இடுப்பில் வைத்துத்தான் ஊட்டுவோம். கால் வராத கிழவர்களை இரண்டு பக்கமும் ஆள் நின்று தாங்கிக்கொள்வோம். வாழ்க்கைப்பட்டு வருகிற பெண்கள் முதல் வருஷம் சிரிப்பார்கள், அடுத்த வருஷம் அவர்களும் நிற்பார்கள்.

என் அய்யாவுக்கு நான் ஒரே பிள்ளை. ஆண்பிள்ளை இல்லை. அவர் தம்பியான என் சித்தப்பாவும் அவரும் பாகம் பிரித்தபோது மேட்டு நிலமெல்லாம் சித்தப்பா எடுத்துக்கொள்ள, அய்யா கல்லுச்செய்யைக் கேட்டு வாங்கிக்கொண்டார். என்னைக் கடலுக்கு அந்தப் பக்கம், அக்காள்மடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். ரோட்டோரம் என் வீட்டுக்காரருக்குச் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை. அய்யாவுக்குக் கையும் காலும் விழுந்தபோது நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். ஆனால் புரட்டாசி வந்தது, வயல் புழுதி உழவுக்குக் காத்துக் கிடந்தது, விதைக்க ஆள் இல்லை. நானே விதைத்தேன். அய்யா போய்ச் சேர்ந்த பிறகும் விதைத்தேன். ஏர் பிடிக்க மட்டும் ஆள் வைத்தேன். மற்றதெல்லாம் என் கை.

அந்தச் சமயத்தில்தான் ஜமீன் ஒழிந்தது. அரண்மனை நிலமெல்லாம் சர்க்காருக்குப் போய்விட்டது, யார் பயிர் செய்கிறார்களோ அவர்கள் பேருக்குப் பட்டா கொடுக்கிறார்கள் என்று சொன்னார்கள். தாசில்தார் ஒருவர் ஜீப்பில் ஊர் ஊராக வந்து விசாரிக்க ஆரம்பித்தார்.

சித்தப்பா என்னைத் தேடி வந்தார்.

"ஏத்தா, பிள்ளைகளை வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு இங்கன கெடப்ப? புருசன் அங்கன தனியாப் பொங்கித் திங்கிறான்."

"அவுக நல்லாப் பொங்குவாக சித்தப்பா. என்னை விட நல்லாவே."

"கேலி பேசாத. கல்லுச்செய்ய என் பேருக்கு எழுதிக் குடுத்துட்டுப் போ. வருசா வருசம் நெல்லு அனுப்புறேன். மகன் இல்லாத வீட்டுக்குக் கல்லு எதுக்கு?"

"மகனா மகளான்னு பாக்க அந்தக் கல்லுக்குக் கண்ணு இருக்கா?"

"வாயி மட்டும் அப்படியே உங்கப்பன்."

"வயலும் அவருதுதான்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அந்தத் துண்டும் புதுசு, கதர். அதோடு ஒரு புதுக் கதையும் அவரிடம் வந்திருந்தது. எங்கள் பாட்டனார் குதிரையில் ஏறி வெள்ளைக்காரப் பட்டாளத்தை எதிர்த்து, பீரங்கிக் குண்டு பட்டுச் செத்தார் என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். குதிரை எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது. அய்யா சொல்லி நான் கேட்டவரை பாட்டனாருக்கு இருந்தது ஒரு சோடி மாடுதான். தேசத்துக்காகச் செத்தவர் கல் இருக்கிற வயல் என்றால், அதை அந்த வம்சத்து ஆம்பிளை கையில்தான் சர்க்கார் கொடுக்கும் என்பது சித்தப்பாவின் நினைப்பு.

மாசிப் படையல் நாளில் தாசில்தாரை வயலுக்கே விருந்துக்கு அழைத்திருந்தார். பங்காளிகள் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், கல்லும் வயலும் சித்தப்பா பொறுப்பு, அண்ணன் மகள் கூலிக்குப் பார்த்தவள் என்று அத்தனை வாயும் ஒன்றாகச் சொல்லிவிடும் என்று ஏற்பாடு. பங்காளிகளும் சரி என்றிருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். விதைநெல் இல்லாத வருஷம் அவர்கள் போய் நிற்பது சித்தப்பா வாசலில்தான். உழவுக்கு மாடு தருவதும் அவர்தான்.

என் பக்கம் என் வீட்டுக்காரர் ஒருவர். விடிகாலை ரயிலேறிக் கடல் தாண்டி, பிறகு பஸ் பிடித்து ஒரு பை நிறையக் கருவாட்டோடு வந்து இறங்கினார்.

"எதுக்குங்க இது? இன்னைக்குக் கறிச்சோறு."

"தோத்துட்டா ராத்திரிக்கு ஆகுமே," என்றார்.

உச்சி வெயில் நேரம் ஜீப் வந்தது. தாசில்தார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயசு, நல்ல மாதிரி. கல்லைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சித்தப்பா குதிரைக் கதையைச் சொன்னார். பீரங்கி வந்தது, புகை வந்தது, குதிரை முன்னங்காலைத் தூக்கியது. பங்காளிகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

படையல் முடிந்தது. வேம்புக்கடியில் சித்தப்பா சமுக்காளம் விரித்திருந்தார். அதன் முன்னால் இரண்டு வாழையிலை, ஒன்று கிழிந்தால் இன்னொன்று என்று இராமநாதபுரத்திலிருந்து வரவழைத்தது. பெரிய ஆபீசருக்குப் பட்டையில் சோறு கொடுக்க அவருக்கு வெட்கம். தாசில்தாரை உட்கார வைத்தார். வெளியாள் உட்காரலாம், அதில் தப்பில்லை. அவர் இலையில் சோறு விழுந்தது, கறி விழுந்தது. கை வைக்காமல் அண்ணாந்து பார்த்தார்.

"என்ன நிக்கிறீங்க? நீங்களும் உக்காருங்க. தனியா எப்படிச் சாப்பிடறது?"

சித்தப்பா உட்கார்ந்துவிட்டார்.

சம்மணம் போட்டு, கதர்த் துண்டை மடியில் போட்டு, சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தும் விட்டார். பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து "அடி ஆத்தீ!" என்று ஒரு குரல் வந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பாதி எழுந்தார். தாசில்தார் "உக்காருங்க, உக்காருங்க" என்று கையைப் பிடித்தார். திரும்பவும் உட்கார்ந்தார். அவருக்கு வேறு வழி இல்லை. எழுந்தால் ஏன் எழுந்தாய் என்று கேட்பார். அதற்குச் சொல்ல வேண்டிய பதிலில் குதிரையும் இல்லை, பீரங்கியும் இல்லை.

எங்கள் ஊரில் ஆம்பிளைகள் சாப்பிடும் இடத்துக்குப் பொம்பிளை போகக் கூடாது. அதிலும் ஆபீசர் முன்னால். நான் என் பட்டையை வாங்கிக்கொண்டு நேராகப் போய் அந்தச் சமுக்காளத்துக்கு எதிரே நின்று சாப்பிட ஆரம்பித்தேன்.

"நீங்க யாரும்மா?"

"இந்த வயலுக்காரி."

"சாப்பாடு நின்னுக்கிட்டா? உக்காருங்கம்மா."

"நாங்க இங்கன உக்காந்து திங்க மாட்டோமய்யா. எங்க பாட்டனாரு உக்காந்து கஞ்சி குடிக்கையிலதான் பின்னாடி வந்து வெட்டுனாக."

தாசில்தார் சித்தப்பாவைப் பார்த்தார். "வெள்ளைக்காரன் பின்னாடி வந்து வெட்டினானா?"

"வெள்ளைக்காரன் இந்தக் கம்மாய்ப் பக்கமே வரலய்யா," என்றேன். "வெட்டுனது பக்கத்து ஊருக்காரக. தண்ணிய மறிச்சாரு, வெட்டுனாக. அவுக பேரப்பிள்ளைகளும் நாங்களும் இன்னைக்கு ஒரே சந்தையிலதான் யாவாரம் பண்றோம்."

"பொம்பள பேச்சுங்க அது," என்றார் சித்தப்பா. இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அவளுக்கு என்ன தெரியும்?"

தாசில்தார் சுற்றிலும் பார்த்தார். அத்தனை பங்காளிகளும், அவர்கள் பெண்டுபிள்ளைகளும், ஒருவர் பாக்கியில்லாமல் பட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்கள். எனக்குப் பெரியப்பா முறை ஆகிற கிழவர் ஒருவர், எங்கள் வம்சத்தில் அப்போது மூத்தவர், பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பெரியவரே, முடியாத காலத்துல நீங்க ஏன் நிக்கிறீங்க?"

கிழவர் சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார். அவர் வீட்டு விதைநெல்லும் அந்த வருஷம் சித்தப்பா கொடுத்ததுதான், எனக்குத் தெரியும்.

"அவ சொன்ன அதே காரணத்துக்குத்தான் நிக்கிறேன் சாமி," என்றார்.

"இந்த வயலை யார் பயிர் பண்றது?"

"கல்லுச் சோத்தக் கையில வச்சிருக்கையில கேக்குறீக, பொய் சொல்ல வாய் வருமா?" ஒரு மூச்சு விட்டார். "இவதான் சாமி. அவுகப்பன் இருக்கையிலயும் இவதான், செத்தப்புறமும் இவதான். வேற ஆரும் இதுல கால் வைக்கல."

"ஆமா," என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். பிறகு இன்னொருவர். கடைசியில் எல்லாரும் ஒன்றாகத்தான் சொன்னார்கள், சித்தப்பா ஏற்பாடு செய்தபடியே. சொன்னது மட்டும் வேறு.

தாசில்தார் கை கழுவிவிட்டு வந்து எழுத உட்கார்ந்தார். புருஷன் பேரா, தகப்பன் பேரா, எந்தப் பேரைச் சேர்த்து எழுத என்று கேட்டார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"தகப்பன் பேரையே போடுங்கய்யா," என்றார் அவர். "நான் உப்புப் புளி விக்கிறவன். இந்த வம்சத்துக்குள்ள வந்தா என்னையும் எவனாவது பின்னாடி வந்து வெட்டுவான்."

தாசில்தார் சிரித்துவிட்டார். என் அய்யா பேரோடு என் பேரை எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். கோணல்மாணலாக இருந்தது, ஆனால் எழுத்து. சாட்சி போட்ட பங்காளிகளில் பாதிப் பேர் ரேகைதான் வைத்தார்கள்.

ஜீப் போன பிறகு சித்தப்பா என்னிடம் வந்தார். "இனிமே என் வாசல்ல மிதிக்காத" என்றார்.

"உங்க வாசல்ல எனக்கு என்ன சோலி சித்தப்பா? எனக்குத்தான் வயல் கெடக்கே."

அதோடு பேச்சு நின்றது. அடுத்த வருஷம் அவர் தன் மேட்டு நிலத்தில் தனியாக ஒரு பீடம் கட்டினார். அதில் சுதையில் ஒரு குதிரை, அதன் காலடியில் தொப்பி வைத்த வெள்ளைக்காரன் ஒருவன். அங்கே பந்தி போட்டு உட்கார்ந்தே சாப்பிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. வெளியூர்ப் பிள்ளைகள் வந்து கேட்டால் இரண்டு இடத்தையும் காட்டுவேன். எது பொய்யென்றும் சேர்த்துச் சொல்வேன்.

ஆனால் எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்கிற முறை அவர் கையில் இருந்தது. அந்த ஐப்பசியில் கண்மாய் நிறைந்தது. மேல் வயல், கீழ் வயல், எல்லாருக்கும் தண்ணீர் போய்விட்டது. என் பயிர் மட்டும் நுனி கருகி நின்றது. ஆள் அனுப்பிக் கேட்டேன், பதில் இல்லை. ஒரு நாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நானே கண்மாய்க் கரைக்குப் போனேன். சித்தப்பாவின் மூத்த மகன் மடைமேல் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

"அக்கா, அய்யா இன்னும் உத்தரவு சொல்லலியே."

"ஏலே, உத்தரவு கேக்க நான் வரல. தெறக்க வந்தேன். எந்திரி."

எழுந்து நின்றான். அப்பனுக்குச் சொல்லப் போவான் என்று நினைத்தேன். போகவில்லை. வாயில் நுரையோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். நான் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி மடைப் பலகையைத் தூக்கினேன்.