இதில் மாடு பூட்ட முடியுமா?

சிவகிரி ரோட்டில் கட்டை வண்டியின் அச்சு முறிந்தபோது, அதில் ஏற்றியிருந்த ஆயில் இன்ஜினின் ஃப்ளைவீல் சக்கரம் தனியே கழன்று கம்பங்காட்டுக்குள் உருண்டு ஓடியது. நானும் பின்னாலேயே ஓடினேன். ஒரு வேப்பமரத்தில் மோதித்தான் நின்றது. மரத்துக்கும் சேதமில்லை, ஃப்ளைவீலுக்கும் சேதமில்லை. எனக்குத்தான் முழங்கால் சில்லு பெயர்ந்து போயிற்று.

அப்போது நான் சங்கரன்கோவிலில் ஓர் ஆயில் இன்ஜின் கடையில் ஃபிட்டர். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டால் இன்ஜினும் பம்பும் வாடகைக்குக் கேட்டு வருவார்கள். கொண்டுபோய் மாட்டி, ஓட்டிக் கொடுத்து, திரும்பக் கொண்டுவருவது என் வேலை. இன்ஜின் ரிப்பேர் பெரிய வித்தை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதெல்லாம் ஆறு மாதத்தில் வந்துவிடும். முக்கால் டன் இரும்பை ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்குவதுதான் வித்தை.

முழங்கால் கட்டோடு கடைக்கு வந்தேன். முதலாளி கட்டைப் பார்க்கவில்லை. "ஏலே, ஃப்ளைவீல் கீறலாயிட்டா?" என்றுதான் கேட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவருக்குப் பிள்ளைகள் நாலு, ஃப்ளைவீல் அஞ்சாவது.

"இனிமே கட்டை வண்டி வேண்டாம். நம்மகிட்ட ஜீப்பு இருக்கு. மதுரைல ட்ரெய்லர் விக்கானாம். போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

மதுரை யார்டு

ரெண்டாம் உலகச் சண்டை முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. பட்டாளத்துக்காரர்கள் கழித்துப் போட்ட சாமான்களை வாங்கி விற்கிற யார்டு அது. முதலாளி, ஜீப் டிரைவர் பாக்கியநாதன், நான், மூன்று பேரும் போனோம்.

வாசலிலேயே நாலு சக்கர ட்ரெய்லர் ஒன்று புதுப் பச்சைப் பெயின்ட் அடித்து மாப்பிள்ளை மாதிரி நின்றது. முதலாளி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பாக்கியநாதனும் "இதுதான் அண்ணாச்சி. ரோட்டுல ஆடாம அசையாம வரும்" என்றான்.

நான் யார்டின் மூலைக்குப் போனேன். அங்கே துருப்பிடித்துக் கிடந்தது ஒரு ரெண்டு சக்கர ட்ரெய்லர். பலகை பாதி இல்லை. ஆனால் தளம் தாழ்வு, அதனால் இன்ஜின் பாரம் கீழே நிற்கும். ஸ்பிரிங் பட்டை ஒன்றுகூட உடையவில்லை. ஆக்ஸில் நேராக இருந்தது. டயர் எங்கள் ஜீப்பின் சைஸ். ஆகவே ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும். இடுப்பில் இருந்த கயிற்றை எடுத்துச் சக்கரத்துக்குச் சக்கரம் அளந்தேன். எங்கள் பக்கத்து மாட்டுவண்டித் தடத்தின் அகலத்துக்கு ஏற்கெனவே முடிச்சுப் போட்டுக் கொண்டுபோயிருந்த கயிறு அது. விரற்கடைதான் வித்தியாசம்.

பிறகு யார்டுக்காரரைக் கூப்பிட்டு, "இதுல மாடு பூட்ட முடியுமா?" என்று கேட்டேன்.

யார்டே சிரித்தது. பாக்கியநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "வே மாடசாமி, அப்படியே ஜீப்புக்கும் ரெண்டு கட்டு வைக்கோல் வாங்கிப் போட்டுருவமா?"

முதலாளிக்கு அவமானமாகிவிட்டது. "மதுரைக்கு வந்து மானத்த வாங்குதியேலே!"

எனக்கும் கோபம் வந்தது. "அண்ணாச்சி, கெணறு ரோட்டு மேலயா இருக்கு? ஜீப்பு நிக்கிற எடத்துல இருந்து கெணறு வரைக்கும் யார் இழுக்கது? நாலு சக்கரத்துல மாட்டப் பூட்டித் திருப்ப முடியுமா?"

அவர் துருப்பிடித்த ட்ரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு சொன்னார்: "சரி, வாங்குதேன். ஆனா ஒண்ணு. இது ஒரு நாள் நம்மள நடுக்காட்டுல விட்டுச்சுன்னா, ட்ரெய்லரோட நீயும் வெளிய போயிரணும்."

"போயிருதேன்" என்றேன். வாய் கொழுப்பு. வீட்டில் நான் ஒருவன்தான் சம்பாதிக்கிறவன்.

ஊருக்கு வந்ததும் ட்ரெய்லரைத் தட்டி நிமிர்த்தி, இன்ஜினை அதிலேயே போல்ட் போட்டு இறுக்கினேன். பெல்ட் பின்பக்கமாக ஓடுகிற மாதிரி வைத்தேன். ஜீப்பில் மாட்டுகிற கொக்கியில் கோத்துக்கொள்ள ஒரு நீளமான மரமும் நுகத்தடியும் ஆசாரியிடம் செய்து, ட்ரெய்லருக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டேன். கடைத்தெருவில் அதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. ஆறு மாதம் அது சும்மாவே தொங்கியது. ரோட்டோரக் கிணறாகவே வந்து வாய்த்தது. பாக்கியநாதன் அதில் துண்டு காயப்போட ஆரம்பித்தான்.

எலுமிச்சைத் தோட்டம்

அந்த வருஷம் மழை பொய்த்தது. புளியங்குடிக்கு மேற்கே தோட்டம் வைத்திருந்த கோமதியம்மாள் காலையிலேயே முதல் பஸ்ஸில் வந்து கடையில் நின்றார். புருஷன் இல்லை. அவரே மாடு கட்டிக் கமலை இறைத்து எலுமிச்சை வளர்த்தவர்.

"தண்ணி பாதாளத்துக்குப் போயிட்டு. கமலைக்கு எட்டல. மரம் இலைய உதுக்குது. இன்னும் ரெண்டு நாள் விட்டா வெறகுதான். எட்டு வருஷமா வளத்தது அண்ணாச்சி."

முதலாளி, "வேற யாரும் வரலையா?" என்றார்.

"நேத்து தென்காசிப் பக்கம் இருந்து ஒரு இன்ஜின் வந்தது. ஓடைய எறங்கிப் பாத்துட்டு அப்படியே திரும்பிட்டு."

எதில் வந்தது என்று கேட்டேன். பச்சைப் பெயின்ட் அடித்த நாலு சக்கர வண்டி என்றார். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார்.

உடனே ட்ரெய்லரை ஜீப்பில் மாட்டிக் கிளம்பினோம். தோட்டத்து வழியில் குறுக்கே கிடந்த அந்த ஓடையில் தண்ணீர் ஒரு சொட்டு இல்லை, முழங்கால் மணல். எங்கள் ஜீப்பும் பத்தடி போய்ப் புதைந்தது. பாக்கியநாதன் எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் மணலைத் தோண்டியதே தவிர நகரவில்லை. முதலாளி கூடவே வந்திருந்தார். இறங்கி நின்று என் முகத்தைப் பார்த்தார். மதுரையில் நான் விட்ட வார்த்தை அவருக்கு மறந்திருக்கவில்லை.

"பாக்கியநாதா, உம்ம துண்ட எடும்" என்றேன்.

கொக்கியைக் கழற்றினோம். மரத்தைக் கோத்தோம். கோமதியம்மாள் வேலையில்லாமல் நின்ற தன் கமலை மாடுகளை ஓட்டிவந்து பூட்டினார். ஜீப்பின் சக்கரம் மாதிரி தானே சுற்றித் தோண்டாமல், இழுத்த இழுப்புக்கு உருண்டதால் அகல டயர் மணலில் புதையவில்லை. மாடுகள் ஒரு மூச்சில் அக்கரை ஏறின. அதற்கப்புறம் வண்டித்தடம். சக்கரம் ரெண்டும் தடத்துக்குள் உட்கார்ந்து ஓடியபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமில்லை, விசில் அடித்தேன்.

ஆனால் தோட்டத்தில் சோதனை காத்திருந்தது. கிணற்றுக்குப் போக ஒரே வழி, கமலை மாடு நடக்கிற சரிவு. ரெண்டு பக்கமும் எலுமிச்சை. உள்ளே திரும்ப இடமில்லை. பம்பைக் கிணற்றுக்குள் பரண் கட்டி இறக்கலாம். ஆனால் மேலே இருக்கிற இன்ஜினில் இருந்து பெல்ட் எட்ட வேண்டுமானால், ட்ரெய்லர் பின்பக்கமாகப் போய்க் கிணற்றுவாயில் நிற்க வேண்டும். அதுவும் மேட்டில். வண்டியில் பூட்டிய மாடு பின்னால் நாலு அடி வைப்பதே பெரிது. இதை நான் யோசிக்கவே இல்லை. பெரிய கெட்டிக்காரன் என்று விசில் அடித்தவன், சரிவையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோமதியம்மாள் என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி மலைச்சு நிக்க?"

"பின்னால தள்ளணும் அக்கா. மாடு பின்னால நடக்குமா?"

அவர் சிரித்தார். "பொழுதன்னைக்கும் இந்தச் சரிவுல முன்ன எறங்கிப் பின்ன ஏறுற மாடு தம்பி இது. இதுக்குப் பின்னால நடக்கச் சொல்லிக் குடுக்கணுமா?"

கமலை மாட்டுக்கு அதுதானே பிழைப்பு! தண்ணீர் மொண்ட சால் மேலே வரச் சரிவில் இறங்கும், சால் கீழே போகப் பின்னங்காலிட்டு ஏறும். சரிவுக்கு வெளியிலேயே ட்ரெய்லரைத் திருப்பி, பின்பக்கம் கிணற்றைப் பார்க்க நிறுத்தினோம். பாக்கியநாதன், முதலாளி, பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தார்கள். நான் ஒவ்வொரு சாணுக்கும் சக்கரம் திரும்ப உருளாமல் கல்லை அண்டை கொடுத்தேன். கோமதியம்மாள் மாட்டின் முகத்துக்கு நேரே நின்று, தினமும் கொடுக்கிற குரலையே கொடுத்தார். மாடுகள் தினமும் நடக்கிற நடையையே நடந்தன. தள்ளியதில் பாதி மனிதர்கள்தான். ஒரு மரத்திலும் இடிக்காமல் நேராகக் கொண்டுபோனது மாடுகள்.

உச்சி வெயிலுக்குள் இன்ஜின் ஓடிவிட்டது. முதல் தண்ணீர் குழாயில் இருந்து பாய்ந்ததும் கோமதியம்மாள் வாய்க்காலோடு ஓடி, கடைசி மரத்தின் அடிமூட்டில் தண்ணீர் நுழைகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினார். அப்புறம்தான் எங்களுக்கு மோர். மரம் ஒன்றுகூடப் போகவில்லை. அடுத்த வருஷம் கடைக்கு ஒரு கூடை பழம் வந்தது.

முதலாளி அன்றைக்கு என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேட்டியெல்லாம் சேறும் கிரீஸுமாக, "ஏலே, முழங்கால் சரியாயிட்டா?" என்று மட்டும் கேட்டார். ஆறு மாதம் கழித்து.

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லுவது இதுதான். சாமான் வாங்குமுன் பளபளப்பைப் பார்க்காதே, அது கடைசியாகப் போய் நிற்க வேண்டிய இடத்தைப் பார். அந்தக் கடைசி நூறு அடியில் யார் இழுக்கப் போகிறார்கள் என்று கேள். அதை நானும் முழுசாகக் கேட்கவில்லை. மிச்சத்தைக் கோமதியம்மாளின் மாடுகள் சொல்லிக்கொடுத்தன.

அடுத்த தையில் ரெண்டாவது ட்ரெய்லர் வாங்க மறுபடி மதுரை போனோம். நான் வாயைத் திறக்குமுன் முதலாளியே குனிந்து கொக்கியைத் தட்டிப் பார்த்து, "இதுல மாடு பூட்ட முடியுமா?" என்று கேட்டார். யார்டுக்காரர் சிரித்தார்.

"சிரிக்காதீரும் வே. பதில் சொல்லும்" என்றார் முதலாளி.