பெர்சிஸ் தரையில் உட்கார்ந்த கதை

தானியேல் தாசில்தார் ஆபீஸில் ஆயுசெல்லாம் உட்கார்ந்தே வேலை பார்த்த கிளார்க். ரிட்டயரான பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஆபீஸ் நாற்காலியிலிருந்து பிரம்பு நாற்காலிக்கு மாறிக்கொண்டார், அவ்வளவுதான். அறுபது தாண்டிய உடம்பைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அவர் கட்சி. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குக் கர்த்தர் கொடுத்த மனைவி பெர்சிஸ். சும்மா உட்காரச் சொன்னாலே அவளுக்குக் கோபம் வரும்.

பாளையங்கோட்டையில் அவர்கள் கோயிலில் வருஷா வருஷம் அசனப் பண்டிகை. பணக்காரன், ஏழை என்று பாராமல் சபையே தரையில் வரிசையாக உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடும். முந்தின நாள் மத்தியானம் பந்தலுக்குள் பெண்கள் அரிவாள்மணையோடு தரையில் வட்டமாக உட்கார்ந்து மலைமலையாகக் காய் நறுக்குவார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து பெர்சிஸ் அந்த வட்டத்தில் உட்காராத வருஷம் கிடையாது. தொண்ணூற்று நாலில், அறுபத்தெட்டு வயதில், அம்பாசமுத்திரத்துத் தங்கை வீட்டுக்குப் போனவள் ஆற்றுப் படித்துறைப் பாசியில் வழுக்கித் தொடை எலும்பை முறித்துக்கொண்டாள்.

மாதங்கள் கழித்து டாக்டர் சொன்னார்: "எலும்பு கூடிட்டும்மா. சதைதான் வத்திக் கெடக்கு. பைய பைய வேலை குடுத்தா தரையிலகூட உக்காரலாம். குடுக்காம விட்டா நாற்காலிதான்."

இதில் நாற்காலி மட்டும்தான் தானியேல் காதில் விழுந்தது. நேரே பாதிரியாரிடம் போனார். "ஐயரே, இந்தத் தடவ காய் நறுக்க அவளுக்கு ஒரு மேசையும் நாற்காலியும் போட்டுருங்க" என்று சொல்லிவைத்துவிட்டு, பெரிய காரியம் சாதித்தவர்போல வீட்டுக்கு வந்தார்.

"உங்கள யாரு கேக்கச் சொன்னா?" என்று பாய்ந்தாள் பெர்சிஸ். "அத்தன பேரும் கீழ இருக்க, நான் மட்டும் மேல உக்காந்து அவங்க உச்சந்தலையப் பாத்துக்கிட்டு இருக்கவா?"

அன்றைக்கே தொடங்கிவிட்டாள். முதலில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது. அது பழகியதும் கட்டில். அப்புறம் முக்காலி, வாசற்படி, மணைப்பலகை என்று இறங்கிக்கொண்டே போனாள். வேர்த்து ஊற்றும், உதட்டைக் கடித்துக்கொள்வாள். தானியேல் கையை நீட்டினால் தட்டிவிடுவாள்.

"ஏட்டி, மறுபடி விழுந்து வச்சா நான் என்ன பண்ணுவேன்?"

"விழக் கூடாதுன்னுதான் பழகுதேன்."

அவர் பயம் நிஜமான பயம். இன்னொரு தடவை விழுந்தால் படுத்த படுக்கைதான். அவள் தரையில் உட்காரப் பழகிவிட்டாள், எழுவதுதான் வசப்படவில்லை. பண்டிகைக்கு முந்தின வாரம்கூட முழங்கால் மடங்கி, கட்டில் காலைப் பிடித்துத்தான் எழுந்தாள். பந்தலில் கட்டிலுக்கு எங்கே போவது!

காய் நறுக்கும் நாள் வந்தது. மேசையும் நாற்காலியும் தயாராக நின்றன. பெர்சிஸ் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பைய இறங்கி, தோழி இன்பமணிக்குப் பக்கத்தில் அரிவாள்மணையை மிதித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். போட்ட நாற்காலி வீணாகக் கூடாதென்று தானியேல் அதில் உட்கார்ந்தார். பூசணியும் கத்தரியும் மளமளவென்று விழுந்தன. ஊர் வம்பும் கூடவே விழுந்தது. பெர்சிஸ் சிரித்த சிரிப்பில் பந்தலே அதிர்ந்தது. தானியேலுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்திருக்கணுமே, எழுந்திருக்கணுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

பொழுது சாயும்போது வேலை முடிந்தது. இன்பமணி கைத்தாங்கலாகப் பிடிக்கக் குனிந்தாள்.

"தொடாத, இன்பம்."

பெர்சிஸ் ஒருக்களித்து, இரண்டு கையையும் ஊன்றி முட்டிபோட்டாள். நல்ல காலை முன்னால் வைத்தாள். ஒடிந்த கால் வெடவெடவென்று நடுங்கியது. பாதியில் அப்படியே நின்றுவிட்டாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு உந்து உந்தினாள். எழுந்துவிட்டாள்! யாரையும் பிடிக்காமல், எதையும் பிடிக்காமல், நிமிர்ந்து நின்று சேலையை உதறினாள்.

அற்புதங்களைப் பற்றி ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்டிருக்கிறார் தானியேல், கொட்டாவிதான் வந்திருக்கிறது. இப்போது உடம்பெல்லாம் சிலிர்த்துக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் இவளோடா குடும்பம் நடத்தினோம் என்று மலைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள் பெர்சிஸ்.

எழப் பார்த்தார். மத்தியானம் முழுக்க உட்கார்ந்ததில் இரண்டு காலும் மரத்து, இடுப்பு பிடித்துக்கொண்டது. கையூன்றியும் முடியவில்லை. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பெர்சிஸ் கிட்டே வந்து கையை நீட்டினாள். அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"பண்டிகை முடியட்டும்" என்று இழுத்து நிறுத்தினாள். "உங்களுக்கு நாற்காலியிலேருந்து தொடங்குதேன்."