மலையடிவாரத்துச் சந்தவை

வேன் ஓட்டுகிறவனுக்கு ரோட்டில் இருக்கும் பள்ளம் ஒரு கஷ்டமே இல்லைங்க. ஒரு நாள் மலையேறிவிட்டு வரலாம் என்று பத்துப் பேர் கூடித் திட்டம் போடுகிறார்களே, அதுதான் கஷ்டம். சொந்தபந்தத்தைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது கிளம்பி நொந்துபோனவர்கள் இதைப் படித்தால் பாதியிலேயே தலையாட்டுவார்கள். நான் அதிகம் படித்தவன் இல்லை. காதில் விழுந்ததை விழுந்தபடி சொல்கிறேன்.

பேக்கரி மீட்டிங்

சிங்காநல்லூர் குளத்தங்கரையில் காலையில் நடக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. தலைவர் நாச்சிமுத்து. பம்ப் மோட்டார் பட்டறை வைத்திருந்தவர், இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். நடந்து முடித்ததும் எல்லோரும் பேக்கரிக்குப் போய் டீயும் தேங்காய் பன்னுமாக, குறைத்ததை அங்கேயே திருப்பி ஏற்றிக்கொள்வார்கள். அங்கேதான் பேச்சு வந்தது. பொள்ளாச்சிக்கு அந்தாண்டை ஒரு மலை. காட்டுக்குள் நடந்து உச்சிக்குப் போனால் கீழே அணைக்கட்டு ஏரி முழுசும் தெரியும். மத்தியானமானால் மேகம் இறங்கி மூடிவிடும். அதனால் வெள்ளென ஏறணும்.

அனுமதி யார் வாங்குவது, எப்போது கிளம்புவது என்பதெல்லாம் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மிச்சம் ஒரு வாரமும் காலை டிபன் என்ன என்பதுதான் பேச்சு. இட்லி என்றார்கள். ஆறிப்போகும் என்றார்கள். வழியில் ஓட்டலில் சாப்பிடலாமே என்று ஒருத்தர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். தலைவரின் சம்சாரம் ராஜாமணி அம்மணி அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஏனுங்க, ஊட்டுல நாங்கெல்லாம் உசுரோட இருக்கறப்ப ஓட்டல்ல திங்கோணுமாக்கும்?"

முட்டி

கூட்டத்தில் சரசக்கா என்று ஒருத்தர். மில்லில் நின்று நின்றே முட்டி ரெண்டும் தேய்ந்துபோனது. அடுத்த மாசம் ஆபரேசன். அதற்கப்புறம் மலைப்பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஏரியை இத்தனை வருசமும் பஸ் ஜன்னலில் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறார். ஒரு தடவை மேலே நின்று முழுசாகப் பார்த்துவிடணும் என்று ஆசை. இதை விட்டால் வேறு நாள் கிடையாது.

எங்கள் ஊரில் மூஞ்சிக்கு நேராக வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அக்கறையாகச் சொல்லுவார்கள். "நீங்க கீழ சாமானத்துக்குத் துணையா இருங்க அக்கா, நாங்க போட்டோ எடுத்தாந்து காட்டறமுங்க" என்றார் தலைவர். சரசக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "போட்டோதான்னா நான் ஊட்டுலயே படுத்துட்டுப் பாத்துக்கலாமுங்களே. நான் வாரேனுங்க."

முன் சீட்டு

கிளம்புகிற அன்றைக்கு இருட்டோடு எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆனால் என் பக்கத்து முன் சீட்டில் உட்கார ஆளில்லை. "நீங்க உக்காருங்க." "அட, நீங்க இருக்கறப்ப நானா?" மரியாதை முற்றி, கடைசியில் எல்லோரும் பின்னால் போய் நெருக்கிக்கொண்டார்கள்.

அந்தச் சீட்டுக்கு வந்து சேர்ந்தது சந்தவை மெஷின். சந்தவை என்றால், புழுங்கலரிசி மாவை இட்லி மாதிரி வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் நூல் நூலாகப் பிழிவது. மூன்று கால் வைத்த இரும்பு மெஷினை ஒருத்தர் அமுக்கிப் பிடிக்க, இன்னொருத்தர் கைப்பிடியைச் சுற்றணும். "மலையேறப் போறோம், இது எதுக்குங்க அம்மணி?" என்றேன். ராஜாமணி அம்மணி என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பிழிஞ்சு கொண்டாந்தா கட்டியாப் போயிரும் டிரைவரண்ணா, சூட்டோடதான் பிழியோணும். அதுக்கு பெல்ட்டைப் போட்டு உடுங்க."

பந்தி

ஏரிக்கரையை ஒட்டி வண்டி நிறுத்துகிற இடம். அதைத் தாண்டிக் காட்டின் கேட். அங்கே வாட்ச்சர்கள் ரெண்டு பேர், பெரியவர் ஒருத்தர், சின்னவர் ஒருத்தர். பெரியவர் கறாரான ஆள். பத்து மணிக்கு மேல் ஒருத்தரையும் ஏற்ற மாட்டேன், மேகத்துக்குள் யானை நின்றால் தெரியாது என்றார். எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு கேஸ் அடுப்பை இறக்கினார்கள்.

சந்தவைக்குத் தேங்காய்ப்பால் ஒரு பக்கம், எலுமிச்சை தாளித்தது ஒரு பக்கம், இனிப்புக்கு ஒப்புட்டு என்கிற போளி. பிழிகிறவர்களை விட்டுவிட்டு எப்படிச் சாப்பிடுவது என்று கொஞ்ச நேரம். பெரியவங்க முதலில் உட்காரட்டும் என்று கொஞ்ச நேரம். யார் பெரியவங்க என்று இன்னும் கொஞ்ச நேரம். அவசரப்படுத்த வந்த பெரிய வாட்ச்சருக்கும் ஒரு இலை போட்டுவிட்டார்கள். மனுசன் வாட்சைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். "மணி கெடக்குதுங்க. அந்தப் பாலை இப்பிடிக் கொஞ்சம் ஊத்துங்க."

மூன்று பேர்

சரசக்கா நின்றபடியே ரெண்டு வாய் போட்டுக்கொண்டு ஒரு குச்சியை எடுத்தார். "நான் மெதுவா நடக்கறவ. முன்னால போறேனுங்க, நீங்க வந்து புடிச்சுக்குவீங்க" என்றார். துணைக்குச் சின்ன வாட்ச்சர் வந்தார். அவருக்கு அன்றைக்குச் சஷ்டி விரதம். எனக்குச் சக்கரை, ஒப்புட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் என் கை என் பேச்சைக் கேட்காது. நானும் கூடவே நடந்தேன். முட்டி போனது ஒன்று, பட்டினி ஒன்று, சக்கரை ஒன்று. ஏறினது இந்தப் படைதான்.

பாதி வழியில் சரசக்காவின் முட்டி பிடித்துக்கொண்டது. பாறையில் உட்கார்ந்து நீவிவிட்டார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்னால் பார்த்தேன். எங்களைப் பிடிக்க ஒருத்தரும் வரவில்லை, எதிர் மலையில்தான் மேகம் வந்து உட்கார்ந்திருந்தது. "திரும்பிரலாமுங்களா?" என்று வாட்ச்சர் கேட்டார். சரசக்கா குச்சியை ஊன்றி எழுந்தார். "எறங்கறதுக்கும் இதே முட்டிதானுங்களே. ஏறிப்போட்டே எறங்கலாம்."

மேலே தெரிந்தது

உச்சியில் ஏரி முழுசாக இருந்தது. ஒவ்வொரு மலை இடுக்கிலும் தண்ணீர் விரலை நீட்டிக்கொண்டு கிடந்தது. சரசக்கா போனை எடுக்கவே இல்லை. சும்மா நின்று பார்த்தார். பிறகு மேகம் வந்து, யாரோ போர்வையை இழுத்த மாதிரி மூடிவிட்டது.

இறங்கி வந்தால் கேட்டில் சங்கிலி. கை கழுவின ஈரம் காய்வதற்குள் பெரிய வாட்ச்சருக்குப் பத்து மணிச் சட்டம் ஞாபகம் வந்துவிட்டதாம். ஷூவெல்லாம் புதுசு மாறாமல் கூட்டம் சங்கிலிக்கு அந்தப் பக்கம் நின்றது. "மேல அப்பிடி என்னதானுங்க அக்கா தெரிஞ்சுது?" என்று கேட்டார் தலைவர். சரசக்கா முட்டியைப் பிடித்தபடி, ரொம்பப் பணிவாகத்தான் சொன்னார். "ஏரி பூராந் தெரிஞ்சுதுங்க. கரையோரம் நம்ம வெள்ளை வேன் ஒரு அரிசியாட்டத் தெரிஞ்சுது. சுத்தியும் நீங்கெல்லாம் எறும்பாட்ட இருந்தீங்க. ஒண்ணுகூட நகுரலீங்க."

இவ்வளவு வருசம் வேன் ஓட்டித் தெரிந்துகொண்டது இதுதானுங்க: எங்கள் ஊர்க்காரர்களை எந்த மலையடிவாரத்துக்கு வேண்டுமானாலும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம், அங்கிருந்து மேலே ஏற்றணும் என்றால்தான் அடுப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வரணும்.