கால் கட்டைவிரலும் ஒரு வடைத் தட்டும்

நாடு தன் காலில் நிற்கத் தொடங்கிய அதே வாரத்தில் என் வலது கால் என்னைக் கைவிட்டது. கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வையின் நுனி பட்டால்கூட உயிர் போயிற்று. கவுட் என்றார் மருத்துவர். அரசர்களுக்கு வரும் நோய் என்று எங்கோ படித்திருக்கிறேன். காஜா பேராங்கில் வாடகை வீட்டில் குடியிருந்து கணக்கெழுதும் ஒரு கிராணிக்கு அது ஏன் வந்தது என்று அங்கே எழுதியிருக்கவில்லை. கிளேபாங் கடற்கரையில் நான் தின்று தீர்த்த நண்டுகளுக்குத் தெரிந்திருக்கலாம்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை சுதந்திரம், ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதுவரை தரகர் கொண்டுவந்த மாப்பிள்ளைப் படங்களையெல்லாம் ஒரே பார்வையில் திருப்பிக் கொடுத்தவள், இந்தப் பையனின் படத்தை மட்டும் கொடுக்கவில்லை. எங்கே என்று கேட்டதற்கு, "எங்கயோ வச்சிட்டேம்பா" என்றாள். ஒரு ஊசியைக்கூடத் தொலைக்காத பெண். எனக்கும் என் மனைவிக்கும் அது போதுமாக இருந்தது.

பெண்ணைப் பெற்றவன் வாசலுக்குப் போய்க் கைகூப்பி வரவேற்க வேண்டும். உட்கார்ந்தபடி "வாங்க" என்றால் திமிர். உள்ளங்காலைச் சம்பந்தியின் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு "வாங்க" என்றால், அதற்கு இன்னும் தமிழில் பெயர் வைக்கவில்லை.

மாத்திரை இருக்கிறது என்ற தைரியத்தில் இருந்தேன். அலமாரியிலிருந்து புட்டியை எடுத்து வந்த மனைவி அதை ஆட்டிப் பார்த்தாள். சத்தம் வரவில்லை.

"உன் தம்பியைக் கூப்பிடு" என்றேன்.

என் மைத்துனர் ஆங்கிலப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். கல்யாணமாகாதவர்; எங்களோடுதான் இருந்தார். வீட்டுக்குப் பின்னால் விதையில்லாத தர்ப்பூசணி விளைவிக்கப் போவதாகக் கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஊற வச்சிட்டேன் மச்சான்" என்றார், இட்லி அரிசியைச் சொல்வதுபோல.

"எதை?"

"விதையை. உங்க மாத்திரைத் தண்ணியில. அதுல இருக்கற கோல்ச்சிசின்தான் விதைக்கு வேணும். ஒரு செல்லு ரெண்டாப் பிரியறப்போ குரோமோசோமெல்லாம் சோடி சோடியா நிக்கும். ரெண்டு பக்கத்துலேருந்தும் நூல் வந்து, பக்கத்துக்கு ஒண்ணா இழுத்துக்கிட்டுப் போகும். அந்த நூலு புரதம் மச்சான், நம்ம பருப்புல இருக்கற மாதிரி. உங்க மருந்து அந்த நூலைச் சேர விடாது. பங்கு பிரியாது, எல்லாம் ஒரே வீட்டுலயே தங்கிடும். செடி பெருசா வரும்."

"பாகம் பிரிக்க வந்த பஞ்சாயத்துக்காரங்களைக் கிணத்துல தள்ளிவிடற மாதிரி."

"கிட்டத்தட்ட" என்றார், பெருந்தன்மையாக. பழைய புலவர்கள் பெண்களின் விரலுக்கு உவமை சொல்கிற காந்தளின் கிழங்கிலும் இதே மருந்து உண்டாம். அதையும் அவர்தான் சொன்னார், என் விரலைப் பார்த்துக்கொண்டு.

கொண்டாட்டத்தில் மருந்துக் கடைகள் அடைத்துக் கிடந்தன. மருத்துவர் கொடியேற்றம் பார்க்கக் கோலாலம்பூருக்குப் போய்விட்டார்.

ஞாயிறு காலை மனைவி என்னை நாற்காலியில் அமர்த்தி, சாப்பாட்டு மேசையை முன்னால் தள்ளி, தரையைத் தொடும் விரிப்பைப் போட்டாள். கால் உள்ளே முக்காலியில். வெளியிலிருந்து பார்த்தால் தீர்ப்புச் சொல்லப்போகும் நீதிபதி போல இருந்தேனாம். "சுளுக்குன்னு சொல்லிடுங்க, வேற ஒண்ணும் வாயத் தொறக்காதீங்க" என்றாள். தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அங்கேதான் கோட்டை விட்டோம்.

புக்கிட் பாருவிலிருந்து பையன், அவன் பெற்றோர், தாய்மாமன் என்று நான்கு பேர் வந்தார்கள். பையன் தலையைத் தூக்கவே இல்லை. என் மகள் கோப்பித் தட்டோடு வந்தபோது மட்டும் சரியாகத் தூக்கினான். நான் மனத்துக்குள் பந்தல் போட ஆரம்பித்தேன்.

"எந்திரிக்க முடியலீங்களோ? கால்ல என்ன?" என்றார் தாய்மாமன்.

"சுளுக்கு."

"சுளுக்கு இல்லீங்க, கவுட்" என்றார் என் வலப்பக்கம் இருந்த மைத்துனர். உண்மைக்குக் கட்டுப்பட்ட மனிதர்.

தாய்மாமன் கையிலிருந்த வடையைக் கீழே வைத்தார். "அது பரம்பரையா வர்றதாச்சே?"

"வரலாம். எல்லாருக்கும் வரும்னு இல்ல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வடைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இந்தா பாருங்க. இது அப்பா வழி வந்தது, இது அம்மா வழி. சோடி சேர்ந்து நடுவுல நிக்குது. நூலு ரெண்டு பக்கமும் புடிச்சு, இழுவை சரியா இருந்தாத்தான் பிரியும். அதுவரைக்கும் சோடி விட்டுக் கொடுக்காது. எது அப்படிப் புடிச்சு வச்சிருக்குன்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியலீங்க. ஆனா கணக்குத் தப்புறது அபூர்வம்." வடைகள் இரண்டு தட்டுகளுக்கு இடம் மாறின.

"அப்ப, அப்பாகிட்டேருந்து பொண்ணுக்கு எவ்வளவு வரும்?" பையனின் தாய் அப்போதுதான் முதல் முறையாக வாய் திறந்தார்.

"சரி பாதிங்க. ஒண்ணு குறையாது."

மேசைக்கு அடியில் அவரை உதைக்கலாம். எட்டக்கூடியது வலது கால் மட்டும்தான். மனைவி சமையலறை வாசலில் நின்று கண்ணாலேயே தம்பியை எரித்தாள். அவர் அதைக் கவலை என்று புரிந்துகொண்டு, ஆறுதலாகத் தொடர்ந்தார்.

"பயப்படாதீங்க. பொண்ணுங்களுக்கு இது ரொம்ப வராது. அவங்க பெத்த பையனுங்களுக்குத்தான்..."

வாக்கியம் முடியவில்லை. முடிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

கோப்பி நன்றாக இருந்தது என்றார்கள். "போயிட்டுத் தகவல் சொல்றோமுங்க" என்றார்கள். பெண்ணைப் பெற்ற எவனுக்கும் அதற்கு அகராதி தேவையில்லை. வழியனுப்பக்கூட என்னால் எழ முடியவில்லை. பையன் படியில் நின்று ஒருமுறை திரும்பினான். "வாடா, வெயில் ஏறுது" என்றார் தாய்.

மைத்துனர் பிரித்து வைத்த குரோமோசோம்களை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தார். "நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே மச்சான்?"

"இல்லை" என்றேன். அதுதான் சங்கடம். ஒரு சொல் தப்பில்லை.

கடைகள் திறந்து மாத்திரை வந்தது, வீக்கம் வற்றியது. ஊறிய விதைகள் ஒன்றுகூட முளைக்காமல் அழுகிப்போயின. தரகர் வந்த அன்று நான் வாசல்வரை தடையின்றி நடந்துபோய், முறைப்படி கைகூப்பி, "வாங்க" என்றேன். அவர் படத்தைத் திரும்ப வாங்கிப்போக வந்திருந்தார்.

எங்கயோ வச்சிட்டேன் என்றவள், உள்ளே போன வேகத்தில் அதோடு வெளியே வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கீழே அவள் காலைப் பார்த்தேன். சற்றே அகன்று, உள்பக்கம் சாய்ந்த கட்டைவிரல், என்னுடையதேதான். அவள் பிறந்தபோது அதைத் தொட்டுக் காட்டி ஊரெல்லாம் பெருமையடித்தவன் நான். எனக்குள் எங்கோ அந்த நூல்கள் ஓர் இழை பிசகாமல் வேலை செய்திருக்கின்றன.

"கசங்கலப்பா, பாத்துக்குங்க" என்று படத்தை என் கையில் கொடுத்தாள். வாங்கித் தரகரிடம் கொடுத்தேன்.