சகலை போட்ட காம்பு

கோடாலிகளுக்குக் காம்பு போட்டுப் போட்டே அவருக்கு மீசை நரைத்துவிட்டது. சகலைக்கோ மீசையே இப்போதுதான் அடர்ந்திருக்கிறது. இருவரும் ஒரே கொட்டகையில் எதிரெதிரே உட்கார்ந்து செதுக்குகிறார்கள். மரம் வெட்டுகிறவர்கள் வருவார்கள். பெரியவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கோடாலியைச் சின்னவர் கையில் கொடுப்பார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்? அதையாவது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். வீட்டுக்குள்ளேயே வந்ததுதான் தாங்கவில்லை.

வீட்டுக் கோடாலி மாதக்கணக்கில் தலை ஆடிக்கொண்டிருந்தது. மனைவி கேட்கும்போதெல்லாம், "தொட்டித் தண்ணியில போட்டு வை, இறுகிடும்" என்பார். ஊறினால் மரம் உப்பி இறுகும். காய்ந்ததும் முன்னைவிட மோசமாக ஆடும். வேறு யாராவது அப்படி ஊறவைத்துக் கொண்டுவந்தால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். தன் வீடென்றால் மட்டும் சோம்பல்.

ஒரு நாள் திரும்பி வந்தால், கதவோரம் கோடாலி புதுக் காம்போடு சாய்ந்திருந்தது.

"யார் போட்டது?"

"தம்பிதான். தங்கச்சியப் பார்க்கப் போனப்ப கையோட கொண்டு போனேன். பேசி முடிக்கறதுக்குள்ள போட்டுட்டாரு. நீங்களும் இருக்கீங்களே!"

அவர் கோடாலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரத்தின் நார் நேராக ஓடியது. ஆப்பு இம்மியும் பிசகாமல் இறங்கியிருந்தது. தலைகீழாகப் பிடித்துத் தட்டினார், அசையவில்லை. ஒரே ஒரு குறை கிடைத்திருந்தாலும் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

அடுத்த வாரம் மனைவி அம்மா வீட்டுக்குப் போனாள். அவள் வருவதற்குள் கோடாலி தொட்டியில் ஊறியது, பிறகு மாடி வெயிலில் காய்ந்தது. கடைசியில் ஒன்றும் தெரியாதது போலக் கதவோரம் வந்து நின்றது.

வந்தவள் கொல்லையில் விறகு பிளக்க நின்றாள். ஓங்கியபோது ஜன்னல் வழியே அவர் கண்டார்: இரும்புத் தலை காம்பிலிருந்து விரலளவு மேலே ஏறியிருந்தது.

"ஐயோ, வெட்டாதே!"

ஓடிப் போய்ப் பிடுங்கினார். தலை கழன்றிருந்தால் அவள் முகத்தில்தான் விழுந்திருக்கும். பொறாமையில் இந்த யோசனையே அவருக்கு வரவில்லை.

"தம்பி போட்டதா இப்படி ஆடுது?" என்றாள் அவள்.

அந்தப் பதற்றத்திலும் அவருக்குக் காதில் தேன் பாய்ந்தது. "நான் அப்பவே நெனச்சேன்," என்றார்.

ஆனால் அவள் விடுகிற ஆளில்லை. கோடாலியைத் தூக்கிக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போனாள். சகலை தலையைக் கழற்றி, காம்பின் நுனியைக் கட்டைவிரலால் தடவினான். நார் கறுத்து நசுங்கியிருந்தது, சுற்றிலும் துருக்கறை. தண்ணீரில் ஊறியது என்று சொல்ல அந்தத் தொழில்காரனுக்கு வேறு சாட்சி வேண்டாம். நிமிர்ந்து பெரியவரை ஒரு பார்வை பார்த்தான். பெரியவர் கொட்டாப்புளியை எடுத்து, தட்ட வேண்டாத ஒரு கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என் தப்புதான் அண்ணி," என்றான் சகலை. "கட்டை சரியாக் காயல. நான்தான் அவசரப்பட்டுட்டேன். வேற போட்டுத் தரேன்."

வீடு வந்து சேரும்வரை மனைவி ஓயவில்லை. "எப்படி ஒத்துக்கிட்டாரு பாருங்க! மனுஷன்னா அப்படி இருக்கணும். நீங்க ஒரு நாளாவது தப்புன்னு சொல்லியிருக்கீங்களா?"

தப்பு முழுக்க அவருடையது. அதை ஒத்துக்கொண்ட நல்ல பெயரும் சகலைக்கே போய்விட்டது.