அக்கா எறிந்த சொறி

அரிவாள் இறங்கியபோது அக்காவின் குதிகாலில் எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஈரக் கயிறு அறுந்ததுபோல ஒரு 'டப்'. கட்டுமாவடிக் கடற்கரையில் காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் என் உடன்பிறந்தவர் அல்ல. புதுக்கோட்டையில் நான் விலங்கியல் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோது எனக்கு முன்பே அந்த ஆய்வகத்தில் இருந்தவர்; அதனால் அக்கா.

அவருடைய ஆய்வு கொலாஜனைப் பற்றியது. நம் தோலையும் எலும்பையும் இறுகப் பிடித்து வைத்திருக்கும் புரதம் அது. மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கயிறாக நிற்கும். ஒவ்வோர் இழையிலும் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் வரும். முறுக்கின் நடுவே வேறெதற்கும் இடம் இல்லை. முதுகெலும்பில்லாத உயிர்களிலும் இந்த முறுக்கு உண்டு. மீனவர்கள் சொறி என்று சொல்லும் ஜெல்லிமீனின் கொட்டும் செல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் உறை இருக்கிறது. அதன் சுவர் மிகக் குட்டையான கொலாஜனால் ஆனது. இழைகளின் இரு முனைகளிலும் உள்ள கந்தகம் பக்கத்து இழைகளோடு பிணைந்துகொள்வதால், லாரி டயரில் அடைக்கும் காற்றைவிடப் பல மடங்கு அழுத்தத்தை அந்தச் சுவர் தாங்குகிறது. தொட்டால் உறை திறந்து நஞ்சு முள் பாயும். "இத்தனூண்டு பைக்குள்ள இம்புட்டுக் கோவம் அடஞ்சு கெடக்கு பாரேன்" என்பார் அக்கா, மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வலையில் சிக்கும் சொறியைக் கரையிலேயே உதறிவிடுவார்கள். அதை வாங்கிவர ஐஸ் பெட்டியோடு நாங்கள் அடிக்கடி போவோம். அந்த வாரம் கரையில் நிலைமை சரியில்லை. பிடிக்கக் கூடாத கடல் அட்டையை அவித்து, காயவைத்து, திருட்டுத்தனமாக அனுப்பிக்கொண்டிருந்த ஒருவனின் கொட்டகையில் வனத்துறை புகுந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது. காட்டிக்கொடுத்தது நாங்கள்தான் என்று அவன் முடிவு செய்துவிட்டான். இரண்டு ஆட்களோடு வந்தான்.

"நீதானடி ஃபாரஸ்ட்டுக்குப் போன் போட்டவ?"

"அண்ணே, நாங்க காலேஜ்லேருந்து வாரோம். சொறி எடுக்கத்தான் வாரோம். வேற எதுவும் எங்களுக்குத் தெரியாதுங்க" என்றார் அக்கா.

பதிலுக்கு ஐஸ் பெட்டியை உதைத்து உடைத்தான். ஓடப் பார்த்த என்னை மயிரைப் பிடித்து இழுத்து மணலில் தள்ளி, முதுகில் காலை வைத்து அழுத்தினான். வாயெல்லாம் மணல். என்னை நோக்கி ஓடிவந்த அக்காவை அவனுடைய ஆட்களில் ஒருவன் பின்னாலிருந்து காலில் வெட்டினான். அப்போதுதான் அந்தச் சத்தம். தசைநாண் அறுந்த கால் துவண்டு, அவர் குப்புற விழுந்தார். தலையைத் திருப்பிப் பார்த்தேன். என் மேல் நின்றவன் தன் அரிவாளை ஓங்கியிருந்தான்.

அக்கா முழங்கையால் ஊர்ந்து வந்தார். அவர் பக்கத்தில், காலையில் நாங்கள் பொறுக்கிய சொறி நிறைந்த பிளாஸ்டிக் வாளி. கையுறை போட்ட கையை உள்ளே விட்டு, நீளக் கைகள் தொங்கும் ஒன்றை அள்ளி அவன் முகத்தில் எறிந்தார். அது கண்ணோடு ஒட்டிக்கொண்டது. அவன் அலறியதைப்போல ஒரு மனிதன் அலறி நான் கேட்டதில்லை. அரிவாள் என் தோளை ஒட்டி மணலில் விழுந்தது. ஆட்கள் குடிதண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு அவனிடம் ஓடினார்கள்.

"நல்ல தண்ணி ஊத்தாதீங்கடா! கடத்தண்ணி ஊத்துங்க!" ரத்தத்தில் கிடந்தபடி அக்கா கத்தினார். நல்ல தண்ணீர் பட்டால் வெடிக்காமல் மிச்சமிருக்கும் உறைகளும் வெடித்துவிடும். அவர்கள் நம்பவில்லை. கேன் முழுவதையும் ஊற்றினார்கள். அலறல் இன்னும் கூடியது. அதற்குள் மீன் ஏலக் கொட்டகைப் பெண்கள் கூச்சலிட்டு ஓடிவந்து எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். லோடு ஆட்டோவில், மீன் கூடைகளுக்கு நடுவே அக்காவைக் கிடத்தி, துப்பட்டாவால் காலை இறுக்கிக் கட்டி அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

தசைநாணைத் தைத்தார்கள். அக்கா நடந்தார், ஆனால் கால் பழையபடி ஊன்றவில்லை. அவனுக்கு ஒரு கண் போயிற்று. வழக்கு நடந்தபோது, "பதற்றத்துல கையில கெடச்சத எறிஞ்சேன்னு மட்டும் சொல்லுங்க" என்று எங்கள் தரப்பு வக்கீல் பலமுறை சொல்லிக் கொடுத்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "நீங்க இதையே படிக்கிறவங்க. கண்ணுல பட்டா என்ன ஆகும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

அக்கா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தெரியும்ங்க. தெரிஞ்சுதான் கண்ணப் பாத்து எறிஞ்சேன். அருவா அந்தப் புள்ள கழுத்துக்கு மேல இருந்துச்சு."

தற்காப்புதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அவர்கள் மூவரும் சிறைக்குப் போனார்கள்.

இப்போது அக்கா பொன்னமராவதிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். மாடிப்படி ஏறச் சிரமப்படுகிறார். போன வாரம் போனில் பேசும்போது, அவன் தண்டனை முடிந்து வெளியே வந்துவிட்டதாகச் சொன்னார்.

"பயமா இல்லையாக்கா?"

"இருக்குடி. இருந்தாலும் அவனுக்கு அந்த இன்னொரு கண்ணாச்சும் நல்லாத் தெரியுதான்னு யார்ட்டயாச்சும் கேட்டுச் சொல்றியா?"