மிதித்தால் திணறிய காரும் நான் சொன்ன பொய்யும்

அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. "அவங்களப் பத்தி உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும், நினைவு மலருக்கு நீங்களே எழுதுங்க" என்று மதினி கேட்டுக்கொண்டார். தெரியும்தான். மதினிக்கே தெரியாத ஒன்றும் தெரியும். அதையும் எழுதிவிடுகிறேன். உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

அண்ணன் பாளையங்கோட்டையில் பிறந்தார். இரண்டு ஆண்டு கழித்து நான். அப்பா சீக்கிரமே காலமானதால், பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு டெல்லிக்கு ரயிலேறி, மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் வண்டிப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். என்னைப் பட்டம்வரை படிக்க வைத்தவர் அவரே. பிறகு நானும் டெல்லி வந்து அவரைவிடப் பெரிய பதவியில் அமர்ந்தேன். அவருக்கு ஆர்.கே.புரத்தில் சின்ன குவார்ட்டர்ஸ், எனக்கு மோதி பாக்கில் பெரியது. குடும்பத்தில் முதலில் கார் வாங்கியவனும் நான்தான். ஆனாலும் ஊரிலிருந்து யார் வந்தாலும், "பெரியவன் எப்படி இருக்கான்?" என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

அண்ணனுக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் டிரைவர்கள் சொல்லும் கோளாறையும், அது எதனால் சரியானது என்பதையும் ரிஜிஸ்டரில் எழுதி எழுதியே அத்தனையும் கற்றுக்கொண்டார். பானட்டைத் திறக்கவே மாட்டார். ஓட்டுபவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். எஞ்சின் சூடாக இருந்ததா, எந்த கியர், ஏற்றமா இறக்கமா என்று நாலு கேள்வியில் காரணத்தைச் சொல்லிவிடுவார். "ஓட்டுதவன் பொய் சொல்ல மாட்டாம்லே, அவன் உசிருல்லா அதுல இருக்கு" என்பார். ஞாயிறு காலையில் அவர் வீட்டு வாசலில் நாலைந்து வண்டியாவது நிற்கும். என் வீட்டு வாசலில் என் கார் மட்டும் நிற்கும்.

அந்தக் கார் ஒருநாள் மக்கர் செய்யத் தொடங்கியது. மெதுவாக மிதித்தால் ஒழுங்காகப் போகும். ஆக்சிலேட்டரைச் சட்டென்று அழுத்தினால் ஒரு நொடி திணறி, மூச்சுப் பிடித்துக்கொண்டு, பிறகுதான் இழுக்கும். பிளக்கை மாற்றினேன், பாயிண்டை மாற்றினேன், பயனில்லை. ஒரு ரவுண்டானாவில் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்துவிடலாம் என்று அழுத்தியபோது வண்டி நடுவிலேயே திணறியது. பஸ் டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தோம்.

பக்கத்தில் இருந்த என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணங்கிட்ட கேட்டா உங்க கௌரவம் கொறஞ்சு போயிருமோ?" என்று சத்தம் போட்டாள். வேறு வழியில்லாமல் அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன்.

நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். சுற்றிலும் ஆட்கள். பக்கத்து வீட்டு சர்தார்ஜி, "பாயி சாப் தோ டாக்டர் ஹை!" என்று அண்ணனை வண்டி டாக்டராக்கி என்னிடமே பெருமையடித்தார்.

"எப்பம்லே திணறுது? வேகமா மிதிச்சாலா, மெதுவா மிதிச்சாலுமா?"

எல்லாரும் அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஒரு தடவையாவது தோற்க மாட்டாரா என்று இருந்தது எனக்கு.

"ரெண்டுக்கும்தாண்ணே" என்றேன்.

"மெதுவா மிதிச்சாலுமா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஆமாண்ணே."

வெகுநேரம் யோசித்தார். "அப்பம் பெட்ரோல் வார மெயின் ஜெட்டுல அடைப்பு இருக்கும். கார்புரேட்டரக் கழட்டி ஊதச் சொல்லு."

பட்டறையில் ஊதினார்கள். திணறல் போகவில்லை. எனக்கோ வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. அடுத்த ஞாயிறு வேலைமெனக்கெட்டுப் போய், எல்லார் முன்னாலும், "அண்ணே, நீங்க சொன்னதச் செஞ்சும் சரியாகலையே!" என்றேன். "அச்சா! டாக்டர் சாப் ஃபெயில்!" என்று சர்தார்ஜி சிரித்தார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. "எனக்குப் பிடிபடலலே. நல்ல மெக்கானிக்காப் பாரு" என்றார்.

அதன்பின் யார் வந்தாலும் அதையே சொல்லி அனுப்பினார். வாசலில் வண்டிகள் குறைந்தன, பிறகு நின்றேபோயின. நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது.

கரோல் பாக் மெக்கானிக் ஒருவர் அண்ணன் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். உண்மையைச் சொன்னேன். கார்புரேட்டர் வாயைக் காட்டி, லிவரைக் கையால் இழுத்தார். "பாருங்க, பெட்ரோல் பீச்சணும், பீச்சல" என்றார். சட்டென்று மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் தள்ளும் பம்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தது. பத்து நிமிட வேலை. வீட்டில்கூட நான் மூச்சு விடவில்லை.

ஆண்டுகள் ஓடின. சிறுநீரகம் கெட்டு அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு மத்தியானம் நான் மட்டும் அருகில் இருந்தேன்.

"அண்ணே, அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். மெதுவா மிதிச்சா வண்டி நல்லாத்தான் போச்சு. வேகமா மிதிச்சா மட்டும்தான் திணறும்."

திட்டுவார், ஏன் என்றாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கையை ஊன்றித் தலையணையிலிருந்து எழப் பார்த்தார்.

"அப்பம் பம்பு வாசருல்லாலே போயிருக்கும்!"

"ஆமாண்ணே, அதேதான்."

"நான் மொதல்ல அதத்தாம்லே நெனச்சேன்" என்று சிரித்தார். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவேயில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். இறுதி ஊர்வலத்தில் கூடிய கூட்டத்தைப் பார்த்து, எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று அப்போதும் எண்ணிய பாவி நான்.

ரத்தம் கொடுத்தவர்களுக்கும், இரவு பகலாக உடனிருந்த அலுவலக நண்பர்களுக்கும், கடைசிக் காரியம்வரை தன் வண்டியோடு நின்ற சர்தார்ஜிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டிருந்து பிறகு நின்றுவிட்டவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணன் அன்று தவறவில்லை, அவருடைய தம்பிதான் பொய் சொன்னான் என்று உங்கள் வீடுகளில் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.